மாமனார் நெற்றியும் ஓர் இலவச சாப்ட்வேரும்

கல்யாண மண்டபத்தில் அத்தனை பேரையும் சிரிக்கச் சொல்லிவிட்டு, ஆல்பம் கைமாறும் நாள்வரை தான் மட்டும் சிரிக்க முடியாமல் திரிகிறவனுக்குத்தான் போட்டோகிராபர் என்று பெயர். இதைப் படிக்கும் சக பாவிகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கேமரா தூக்காத பாக்கியசாலிகள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டு ஆல்பம் ஏன் தாமதமானது என்பது போகப் போகப் புரிந்துவிடும்.

மாரண்டஹள்ளி கடைவீதியில் எனக்கு ஒரு ஸ்டுடியோ. முன்னால் ஜெராக்ஸ் மெஷின், அதை ஒட்டி என் மனைவி காஞ்சனா, பின்னால் ஒரு கம்ப்யூட்டர், அதற்கும் பின்னால் நான். கடையின் அதிகார வரிசையும் இதேதான். போட்டோக்களைத் திருத்த ஒரு சாப்ட்வேர் வைத்திருந்தேன். பல வருஷம் முன்பு யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தது. அதன் பூர்வீகத்தை நான் விசாரித்ததில்லை. என் மச்சினி பூங்கொடியின் கல்யாணம் முடிந்த மறுநாள் காலை அது என்னை விசாரித்தது. ஒரிஜினல் வாங்கினால்தான் இனிமேல் திறப்பேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. வேறு வழியில்லாமல் இன்டர்நெட்டில் தேடி, நியாயமாகவே இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாப்ட்வேரை இறக்கினேன்.

மற்றவர் கல்யாணம் என்றால் மூன்று மாதம் இழுத்திருப்பேன். இது முடியாது. மாப்பிள்ளை வீட்டார் ஓசூர்க்காரர்கள். அவர்கள் தங்கள் ஊர் போட்டோகிராபரையே அழைத்து வருவதாக நிச்சயதார்த்தத்தில் சொன்னபோது, காஞ்சனா எழுந்து நின்று சம்பந்தியம்மாளிடம், "எங்க வூட்டுக்காரர் எடுக்கறதுதான் போட்டோ. ஆடி ஒண்ணுக்கு பொண்ணும் மாப்ளையும் தேங்கா சுட வர்றப்ப ஆல்பம் உங்க மடியில இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆடி முதல் நாள் புதுமணத் தம்பதி பெண் வீட்டுக்கு வந்து தீயில் தேங்காய் சுடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணம் வைகாசியில். நடுவில் ஆறு வாரம். ஆல்பம் வராவிட்டால் போவது என் மானமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்கு இந்த ஊரில் ஏற்கெனவே பெரிய மதிப்பில்லை. போகப் போவது காஞ்சனாவின் வாக்கு. அவள் அம்மா வீட்டில், அவள் தங்கையின் மாமியார் முன்னால்.

அப்புறம் பார்த்துக்கலாம்

கம்பைநல்லூர் குமரவேல் என் தொழில் நண்பன். பதினொரு வருஷத்துக்கு முன் எங்கள் கல்யாணத்துக்குக் கேமரா பிடித்தவன் அவன்தான். அந்த ஆல்பத்தில் பாதிப் பேருக்குக் கழுத்துக்குமேல் எதுவும் இருக்காது. தலைகள் எங்கே என்று கேட்கப் போய்த்தான் எங்களுக்குள் சிநேகமே ஏற்பட்டது. நான் தாலி கட்டும் போட்டோவில் என் மாமனாருக்கும் தலை கிடையாது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் காஞ்சனா, "என்னக் கட்டிக் குடுக்கறப்ப எங்கப்பா ஒரு சொட்டு கண்ணீர் விடல" என்று ஆரம்பிப்பாள். போட்டோவில் முகமே இல்லாததால் மாமனார் பக்கம் சாட்சி சொல்ல ஆதாரம் இருந்ததில்லை.

அந்தக் குமரவேல் இப்போது பெரிய விற்பன்னன். பூங்கொடி கல்யாணத்தை 'ரா'வில் எடு என்று சொன்னதும் அவன்தான். சாதாரணமாக கேமரா படத்தைச் சமைத்து இலையில் போட்டுவிடும். ரா ஃபைல் என்பது அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் அப்படியே மூட்டை கட்டிக் கொடுப்பது. சமையலை நாம் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம். எது தப்பாகப் போனாலும் அப்புறம் பார்த்துக்கலாம் என்றான். அந்தக் கடைசி வரியை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மண்டபத்தில் இருட்டா, அப்புறம் பார்த்துக்கலாம். மேடையில் கத்தரிப்பூ நிறத்தில் விளக்கா, அப்புறம் பார்த்துக்கலாம். இப்படியே முகூர்த்தம், பந்தி, வழியனுப்பு எல்லாம் முடிந்துவிட்டது.

புதிய சாப்ட்வேரில் அத்தனையையும் திறந்தபோது 'அப்புறம்' வந்து எதிரே உட்கார்ந்திருந்தது. ஒரு படம் கரி, ஒரு படம் சுண்ணாம்பு, ஒரு படம் முழுக்க என்னுடைய செருப்பு. எல்லாமே களை இழந்து, கழுவாத கண்ணாடி வழியாகப் பார்த்ததுபோல் இருந்தன. உடனே போன் போட்டுக் கத்தினேன். குமரவேல் நிதானமாகச் சொன்னான்: "ராவுல எடுன்னுதான் சொன்னன். பாக்காம எடுன்னா சொன்னன்?"

சங்கத்து அட்டைக்கு ஒரு முகம்

இலவசம் என்றதும் சின்னதாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். திறந்தால் வலது பக்கம் முழுக்கப் பட்டைகள், பட்டைக்குள் பட்டைகள், ஒவ்வொன்றிலும் இழுப்பதற்கு நாலைந்து கோடுகள். சொல்லிக் கொடுக்க இன்டர்நெட்டில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் கிடைத்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் திருத்துவது எல்லாமே பனிமலைப் படம். "பனி எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் தெரியும்வரை இழுங்கள்" என்பார். மார்கழியில் தக்காளிச் செடிமேல் விழுகிற பனியைத் தவிர நான் எந்தப் பனியைக் கண்டேன்?

அதனால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வருகிறவர்கள்மேல் பழகிக்கொள்வது என்று முடிவு செய்தேன். கூட்டுறவுச் சங்கத்து அட்டையில் ஒட்டப் போட்டோ வேண்டும் என்று ஒரு விவசாயி வந்தார். காலடியில் பச்சை மிளகாய்ப் பை. அவரை ராவில் எடுத்து, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, கூர்மையைக் கூட்டி, முகத்துக்குத் தனியாகவும் காதுக்குத் தனியாகவும் வேலை பார்த்தேன். அவர் ஏற வேண்டிய பாலக்கோடு பஸ் இரண்டு போய்விட்டன. கடைசியில் பெருமையாக ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன். மூக்கின்மேல் உள்ள ஒவ்வொரு துவாரமும், மீசையில் ஒட்டியிருந்த டீ நுரையும்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அவர் பையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "இது நான்தானுங்க, ஒத்துக்கறன். ஆனா சங்கத்து செகரட்ரிக்கு என்ன இவ்ளோ நெருக்கமாத் தெரிய வேண்டியதில்லீங்க."

கன்னத்தில் ஓர் ஈ

பயிற்சி போதும் என்று கல்யாணப் படங்களுக்கே வந்தேன். மேடையில் பூங்கொடி நிற்கும் ஒரு நல்ல படத்தில் அவள் கன்னத்தில் ஓர் ஈ. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஜிலேபி போட்டுக்கொண்டிருந்தார்கள், ஈயைக் குறை சொல்ல முடியாது. இந்த சாப்ட்வேரில் ஒரு வட்டம் வரைந்தால் அதற்குள் இருப்பதை அழித்துவிட்டு, பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டிவிடும். ஈ போன இடம் தெரியவில்லை. எனக்குக் குஷி தாங்கவில்லை. ஒரு படத்தில் செய்த வேலையைக் காப்பி எடுத்து எல்லாப் படங்களிலும் ஒரே அடியாக ஒட்டலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். மேடைப் படங்கள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் காஞ்சனா ஸ்கிரீன் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வெளிச்சத்துக்குச் செய்த திருத்தத்தோடு சேர்ந்து அந்த வட்டமும் எல்லாப் படத்திலும் ஒட்டிக்கொண்டது. அதே இடத்தில் எது இருந்ததோ அதைத் துடைத்துவிட்டது. நாதஸ்வரக்காரருக்கு வாய் இல்லை. மாப்பிள்ளையின் மாமாவுக்கு ஒரு கண்தான். எல்லாவற்றுக்கும் மேலே, முகூர்த்தப் படத்தில் மாப்பிள்ளை இரண்டு கையையும் பூங்கொடி கழுத்தருகே கொண்டுபோய் எதையோ மும்முரமாகக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதற்குத் தாலியைத்தான் காணோம்.

ரா ஃபைலில் எதுவும் உண்மையில் அழியாது, ஒரு பட்டனில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நான் விளக்கினேன். அவள் காதில் விழவில்லை. தன் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அது திரும்பி வரும்வரை கடையில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றாள். கடையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். அவள் குடித்தாள். தாலி வந்து சேர்ந்தபிறகு ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "ஈயத் தொரத்தச் சொன்னா, தாலியத் தொரத்திட்டு வந்து நிக்கறீங்க."

புகை போன ஓமம்

முகூர்த்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஓமப் புகை. மாப்பிள்ளை எங்கே, மணை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சாப்ட்வேரில் மூட்டம் நீக்குவதற்கு ஒரு கோடு உண்டு. வாத்தியார் அதைப் பனிமலைக்கு லேசாக இழுப்பார். நான் கடைசிவரை இழுத்தேன். புகை சுத்தமாகப் போய்விட்டது. எல்லார் முகமும் பளிச்சென்று வந்தது. ஈ விஷயத்தில் கோபமாக இருந்த காஞ்சனாவே, "இது நல்லாருக்குதுங்க" என்றாள். அவள் வாயால் அப்படி வந்ததே பெரிசு என்று அத்தனை படத்துக்கும் அதையே போட்டேன்.

அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்த புரோகிதர் சாமான் லிஸ்ட் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். ஸ்கிரீனில் தன்னைப் பார்த்ததும் ஆசையாகக் கிட்டே வந்தார். ஓமகுண்டத்தின்மேல் ஒரு நூல் புகைகூட இல்லை. அவர் நெய்க் கரண்டியோடு சும்மா செங்கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "அன்னிக்கு பூரா கண்ணு எரிஞ்சது எனக்குத்தான் தெரியும். அடுப்பே பத்த வெக்காம மந்திரம் சொன்னவன்னு என்ன ஆல்பத்துல ஏத்திட்டீங்களேப்பா."

சொட்டு நீலம்

அடுத்தது நிறம். மேடையின் கத்தரிப்பூ விளக்கால் எல்லாரும் ஒரு தினுசாக இருந்தார்கள். வாத்தியார் இதற்குச் சுலபமான வழி சொன்னார். நிஜத்தில் வெள்ளையாக இருக்கும் ஏதாவது ஒரு பொருளைப் படத்தில் தேடி அதன்மேல் சுட்டினால் போதும், மற்ற நிறங்களை சாப்ட்வேரே சரி செய்துகொள்ளும். வெள்ளைக்கு நான் எங்கே போக வேண்டும்? என் மாமனார் மாதையன் இருக்கிறாரே. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் தக்காளியும் சாமந்தியும் போடுகிறவர். சேற்றிலேயே நின்றாலும் விசேஷத்துக்குக் கட்டும் வேட்டி கண்ணைப் பறிக்கும். பெண்ணைப் பெற்றவர் ஆதலால் எல்லாப் படத்திலும் அந்த வேட்டி இருந்தது. சுட்டினேன்.

எனக்குத் தெரியாமல் போனது என் மாமியாரின் கை தாராளம். வேட்டியை அலசும் வாளியில் சொட்டு நீலம் விடச் சொன்னால் சொட்டு என்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. வெயிலில் பார்த்தால் வெள்ளை, உற்றுப் பார்த்தால் நீலம். சாப்ட்வேர் உற்றுப் பார்க்கிற ஜாதி. 'அடடா, இங்கே நீலம் கூடுதலாக இருக்கிறது' என்று கல்யாணம் முழுவதிலிருந்தும் நீலத்தை உருவி எடுத்துவிட்டது. நீலம் போனால் மிஞ்சுவது மஞ்சள். மூன்று நாளாக ஸ்கிரீனையே முறைத்துக்கொண்டிருந்ததில் என் கண் அதற்குப் பழகிவிட்டது. மங்களகரமாக இருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டு, நாற்பது படத்தைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன்.

மறுநாள் காலை சம்பந்தியம்மாள் என் மாமியாருக்குப் போன் செய்து, பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது உடம்பு சரியில்லாமல் இருந்ததா, ஏன் மறைத்தீர்கள் என்று பதமாகக் கேட்டிருக்கிறார். மத்தியான ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு கட்டு கீழாநெல்லி வந்து இறங்கியது. அதை அரைத்து மோரில் கலக்கி ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு மாமனார் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். ஸ்கிரீனில் மஞ்சளாக நின்ற பூங்கொடியை, மாப்பிள்ளையை, தவில்காரரை, தன்னை, எல்லாரையும் வரிசையாகப் பார்த்தார். சொம்பை என் கையில் வைத்துச் சொன்னார்: "ஊருக்கே காமாலைன்னா, போட்டோ எடுத்தவருக்குத்தான் மொதல்ல மருந்து குடுக்கணும். குடிங்க மாப்ள."

நெற்றி

குடித்தேன். மாமனார் எதிரே நிற்கும்போது வேறென்ன செய்வது? கீழாநெல்லியின் கசப்பு தொண்டையைத் தொட்டதும் உடம்பு ஒரு குலுக்கு குலுங்கி, மவுஸின்மேல் இருந்த கை எங்கேயோ சுட்டிவிட்டது. ஸ்கிரீனைப் பார்த்தால் என் கண்ணையே நம்ப முடியவில்லை. மஞ்சள் மஞ்சளாக இருந்தது. வாழைமரம் பச்சையாக இருந்தது. பூங்கொடியின் அரக்குப் பட்டு அரக்காகவே இருந்தது. மாமனார் தன் சொந்தக் கறுப்புக்குத் திரும்பியிருந்தார். வேட்டியில் மட்டும், மாமியாரின் கைவண்ணம் லேசாக நீலமாகத் தெரிந்தது.

நான் சுட்டியது அவர் நெற்றியில். மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு பூசுகிறவர். சாம்பலுக்கு ஏது நிறம்? வெளிச்சம் எந்த நிறமோ அதைத்தான் அது காட்டும். வாத்தியார் இதற்காகவே சாம்பல் நிறத்தில் ஓர் அட்டை வாங்கி வைத்திருந்தார், எனக்கு அது மாமனார் நெற்றியிலேயே வந்துவிட்டது. வாசலில் ஒரு வெளிச்சம், மேடையில் ஒன்று, பந்தியில் ஒன்று, சமையல் கொட்டகையில் ஒன்று. எல்லா இடத்திலும் ஒரு படத்திலாவது அவர் நின்றார். கல்யாணத்தன்று, இந்த மனுஷன் ஏன் குறுக்கே குறுக்கே வருகிறார் என்று பல்லைக் கடித்தவன் நான். இப்போது அவரைக் காணாத இடத்தில் பதறிப்போய்த் தேடினேன். சொம்பை வாங்கிப் போகக் காத்திருந்தவர், நான் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி அவர் புருவத்துக்குமேல் சுட்டுவதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்காமல் கேட்டார்: "வந்ததுலருந்து என் நெத்தியவே குத்திட்டு இருக்கீங்க. என் தலையெழுத்துல உங்க பேரு எங்க எழுதியிருக்குதுன்னு தேடறீங்களா மாப்ள?"

துண்டு

ஆடி ஒன்றுக்கு ஒரு வாரம் இருந்தது. எல்லாம் முடிந்து, தாலி கட்டும் படங்கள் மட்டும் பாக்கி. அந்த நேரத்துக்கு மட்டும் வீடியோக்காரர் ஒரு பெரிய விளக்கைப் போட்டிருந்தார். அதனால் அந்த வெளிச்சம் தனி, அதற்கென்று ஒரு நெற்றி வேண்டும். படத்தில் மாமனார் இருக்கிறார். நெற்றியும் இருக்கிறது. நெற்றியில் திருநீறு இல்லை. மேடைச் சுவருக்கு ரோஸ் பெயின்ட், எவர்சில்வர் சொம்பில் சேலை நிறம். எதைச் சுட்டினாலும் மணப்பெண் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறினாள். ஆல்பத்தில் வேறு எந்தப் பக்கம் சொதப்பினாலும் சமாளிக்கலாம், இந்தப் பக்கத்தை முடியாது. மாமனாருக்குப் போன் போட்டு, உங்கள் திருநீறு எங்கே போனது என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை எந்த மருமகனும் கேட்டிருக்க மாட்டான். காலையில் அழுத்தமாகத்தான் பூசினேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் நேரிலேயே வந்துவிட்டார். காஞ்சனா பேங்குக்குப் போயிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். அவர் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் சாம்பலாக ஓர் இழுப்பு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். துண்டுக்கும் நீலம் போட்டிருந்தார்கள், ஆனால் அந்தக் கறை சுத்தத் திருநீறு. சுட்டினேன். படம் முழுக்க உயிர் வந்துவிட்டது. தாலிக்கயிறு மஞ்சள் மின்ன, பூங்கொடி தலை குனிந்திருக்க, அவளுக்குப் பின்னால் மாமனாரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கண்ணைத் துடைத்த துண்டு அப்படியே மேலே போய் நெற்றியையும் துடைத்திருக்கிறது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓமப் புகைங்க மாப்ள" என்றார். பிறகு புகையைக் காட்டுவதற்காக ஸ்கிரீன் பக்கம் குனிந்தார். மேலே தேடினார், கீழே தேடினார். "புகை எங்க?" "எடுத்துட்டங்க மாமா." "எதுக்கு எடுத்தீங்க? திருப்பிப் போடுங்க!" நல்லவேளை, இந்த சாப்ட்வேரில் எடுத்ததைத் திரும்ப வைப்பது ஒரு பட்டன் வேலை. புகை வந்தது. இன்னும் கொஞ்சம் என்றார். அதே கோட்டை எதிர்ப் பக்கம் இழுத்தேன். பொண்ணு தெரியணும், தாலி தெரியணும், என் கண்ணு மட்டும் தெரியக் கூடாது என்று அவர் நிபந்தனை போட, நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் ஓமம் வளர்த்தோம். காஞ்சனா இதைப் பார்த்தால், தங்கைக்கு அழுதாய் எனக்கு ஏன் அழவில்லை என்று இன்னும் பதினொரு வருஷம் கேட்பாள், அதுதான் அவர் பயம். எனக்கும் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஏன் மாமா, எங்க கல்யாணத்துல ஏன் அழலை என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அப்ப உங்களப் பத்தி எனக்கு முழுசாத் தெரியாதே மாப்ள."

ஆடி ஒண்ணு

தருமபுரியில் பிரின்ட் போட்டு, ஆடி பிறப்பதற்கு முதல்நாள் ஆல்பம் வந்து சேர்ந்தது. ஆடி ஒன்றாம் தேதி மாமனார் வீட்டு வாசலில் தீ மூட்டி, பச்சரிசியும் வெல்லமும் எள்ளும் பருப்பும் அடைத்த தேங்காய்களை அழிஞ்சி மரக் குச்சியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தோம். கட்டிலில் சம்பந்தியம்மாள், மடியில் ஆல்பம், பக்கத்தில் காஞ்சனா. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் தேங்காயைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும், "சென்னாகிதெம்மா, ரொம்ப நல்லாருக்குது. யாருக்கும் சுண்ணாம்பு அடிக்காம அவங்கவங்க நெறத்துலயே வெச்சிருக்காரு உங்க வூட்டுக்காரரு" என்றார். காஞ்சனா என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வைக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். அது ஓர் இலவச சாப்ட்வேரில் கிடைக்கும் என்று தெரியாமல் போய்விட்டது.

அப்போது தாலி கட்டும் பக்கம் வந்தது. ஆல்பம் முழுக்க இல்லாத புகை அந்த ஒரு பக்கத்தில் மட்டும் குபுகுபுவென்று கிளம்பியிருந்தது. காஞ்சனா குனிந்து பார்த்தாள். புகைக்குள் தெரிந்த வெறும் நெற்றியைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, ஒரு மணி நேரமாகத் தேங்காய்ப் புகைக்கு நடுவில் கண்ணைக்கூடக் கசக்காமல் உட்கார்ந்திருந்த தன் அப்பாவைப் பார்த்தாள். "எங்கப்பாவுக்கு புகைன்னா கண்ணு தாங்காதுங்க அத்தை" என்று சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

வரும்போது மாமியார் பீரோவில் இருக்கும் எங்கள் கல்யாண ஆல்பம் கையில் இருந்தது. தாலி கட்டும் பக்கத்தைத் திறந்தாள். குமரவேலின் கைங்கரியம், மாமனாருக்குத் தலை கிடையாது. ஆனால் தோள் இருந்தது. தோளில் துண்டு இருந்தது. நாங்கள் பதினொரு வருஷமாக இல்லாத தலையைத் தேடினோமே தவிர இருந்த துண்டைப் பார்க்கவில்லை. அதன் ஓரத்தில் சாம்பலாக ஓர் இழுப்பு. காஞ்சனா அதன்மேல் விரலை வைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, என்னைப் பற்றி அவருக்கு அன்றைக்கே முழுசாகத் தெரிந்திருக்கிறது என்று உறைக்கும்வரை. அவள் ஆல்பத்தைத் தீக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்பா முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், தேங்காயைத் திருப்பினார், தீயைக் கிளறினார். பிறகு சொன்னார்: "அது வேர்வைம்மா. உன் கல்யாணத்தன்னிக்கி மண்டபத்துல ஃபேன் ஓடல."

ஆகவே சக பாவிகளே, சாப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கும், நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாமனார் மட்டும் கல்யாணம் கட்டினால்தான் கிடைப்பார்.